இரத்தத்திற்கு ஒரு வாயில்

செயற்கைச் சிறுநீரகம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது ஒரு பொறி. நோயாளியின் இரத்தத்தை வெளியே இழுத்து, கழிவுப் பொருள்களை நீக்கி, மீண்டும் உடலுக்குள் அனுப்பும் பொறி அது. இந்தப் பொறி 1943ஆம் ஆண்டிலேயே மனிதருக்குப் பயன்படத் தொடங்கிவிட்டது. ஆனால் சிறுநீரகங்கள் நிரந்தரமாகச் செயலிழந்த ஒருவரை ஆண்டுக்கணக்கில் வாழவைக்க 1960 வரை அதனால் இயலவில்லை. இடைப்பட்ட 17 ஆண்டுகளும் தடையாக நின்றது எது?

பொறியன்று, வாயில்தான் தடை. இரத்தம் வெளியே வரவும் உள்ளே போகவும் உடலில் ஒரு வாயில் வேண்டும். அது ஒருமுறை திறந்து மூடும் வாயிலாக இருந்தால் போதாது. வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம், ஆண்டுக்கணக்கில் திறந்து மூடப்படவேண்டும். டயாலிசிஸ் மருத்துவத்தின் வரலாற்றில் பெரும்பகுதி இந்த வாயிலைத் தேடிய வரலாறே. கை, தோள், கழுத்து, தொடை என்று தொடங்கிய அந்தத் தேடல், வேறு வழியற்றவர்களுக்காகக் கல்லீரலையே துளைத்துச் செல்லும் ஒரு வழி வரையில் வந்து நிற்கிறது. அந்தப் பாதையைச் சற்றே பின்தொடர்ந்து பார்ப்போம்.

சவ்வும் உருளையும்

டயாலிசிஸ் என்னும் சொல்லை வேதியியலுக்குத் தந்தவர் ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் தாமஸ் கிரஹாம். 1861இல் அவர் தாவரத் தோல்காகிதத்தைச் சவ்வாகப் பயன்படுத்தி, சிறு மூலக்கூறுகள் அதனூடே விரவிச் செல்வதையும், கோந்து போன்ற கூழ்மப் பொருள்கள் தங்கிவிடுவதையும் விளக்கினார். யூரியாவும் அச்சவ்வைக் கடந்து செல்வதைக் காட்டினார். சிறுநீரகத்தின் வேலையில் ஒரு பகுதியைச் சவ்வு செய்யமுடியும் என்பதற்கு அதுவே வித்து.

1913இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் ஏபெல் என்பவரும் அவருடைய தோழர்களும் உயிருள்ள நாயின் இரத்தத்தைக் கொலோடியன் குழாய்களில் ஓடவிட்டு இச்சோதனையைச் செய்தனர். இரத்தம் உறையாமலிருக்க, அட்டைகளின் தலைப்பகுதியிலிருந்து எடுத்த ஹிருடின் என்னும் பொருளைச் சேர்த்தனர். 1924இல் ஜெர்மனியின் கீசென் நகரில் ஜார்ஜ் ஹாஸ் முதன்முதலாக ஒரு மனிதருக்கு இதனைச் செய்தார். அது 15 நிமிடங்களே நீடித்தது. பின்னர் ஹெப்பாரின் என்னும் உறைவுத் தடுப்பு மருந்து கிடைத்ததால் இப்பணி எளிதாயிற்று.

உண்மையில் பயன்படக்கூடிய பொறியை அமைத்தவர் நெதர்லாந்து நாட்டு மருத்துவர் வில்லெம் கோல்ஃப். இரண்டாம் உலகப் போரின்போது, ஜெர்மானியரின் ஆதிக்கத்தில் இருந்த காம்பென் என்னும் சிற்றூரில் அவர் பணியாற்றினார். இறைச்சித் துண்டங்களை அடைக்கப் பயன்படும் செலஃபேன் குழாயை மரச்சட்டங்களால் ஆன உருளை ஒன்றின்மேல் சுற்றினார். உருளையின் கீழ்ப்பகுதி உப்புநீர்த் தொட்டியில் அமிழ்ந்திருந்தது. உருளை சுழலச்சுழல, குழாயிலுள்ள இரத்தத்தின் யூரியா நீருக்குள் விரவிச் சென்றது. போர்க்கால வறுமையிலும் பொறி வேலை செய்தது.

பன்னிரண்டு முறையோடு முடிந்த சிகிச்சை

1943 மார்ச்சில் கோல்ஃபின் பொறியில் முதலில் சிகிச்சை பெற்றவர் 29 வயதுப் பெண் ஒருவர். அவருடைய சிறுநீரகங்கள் சுருங்கிப்போயிருந்தன. ஒவ்வொரு சிகிச்சைக்குப் பின்னும் இரத்தத்தின் யூரியா குறைந்தது. நிலைமையும் சற்றுத் தேறியது. ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாக ஓர் இரத்தக் குழாயைத் திறக்கவேண்டியிருந்தது. சிகிச்சை முடிந்ததும் அது பயனற்றுப் போகும். அடுத்த முறைக்கு வேறிடம் தேடவேண்டும். இவ்வாறு 12 முறை சிகிச்சை நடந்தது. பின்னர்த் திறப்பதற்கு இரத்தக் குழாய் ஏதும் எஞ்சவில்லை. அந்தப் பெண் இறந்தார்.

இங்கு நாம் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. பொறி தோற்கவில்லை, வாயில்கள் தீர்ந்துபோயின. டயாலிசிஸ் வரலாற்றின் முதல் பக்கத்திலேயே இந்தச் சிக்கல் எழுதப்பட்டுவிட்டது.

1945 செப்டம்பரில் 67 வயது மூதாட்டி ஒருவர் கோல்ஃபின் சிகிச்சையால் மயக்கம் தெளிந்து பிழைத்தார். அவருடைய சிறுநீரகங்கள் தற்காலிகமாகவே செயலிழந்திருந்தன. சில நாளில் அவை மீண்டும் வேலை செய்யத் தொடங்கின. எனவே தொடர்ந்து டயாலிசிஸ் செய்யத் தேவையில்லாதுபோயிற்று. இதன் பிறகு பதினைந்து ஆண்டுக் காலம் செயற்கைச் சிறுநீரகம் இத்தகைய நோயாளிகளுக்கு மட்டுமே பயன்பட்டது. சிறுநீரகங்கள் மீளவே மாட்டா என்று தெரிந்தவரைப் பொறியில் இணைப்பதில் பொருளில்லை என்றே மருத்துவர்கள் கருதினர். ஒரு சில வாரங்களில் வாயில்கள் தீர்ந்துவிடும். பிறகு என்ன செய்வது?

ஓட்டத்தின் கணக்கு

கையிலுள்ள சிரை ஒன்றில் ஊசியைச் செருகினால் இரத்தம் வருகிறதே, அதுவே போதாதா என்று வாசகர் வினவலாம். சோதனைக்காகச் சிறிது இரத்தம் எடுப்பதற்கு அது போதும், டயாலிசிசுக்குப் போதாது. பொறி நன்கு வேலை செய்ய நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 மி.லி. இரத்தம் வேண்டும். நான்கு மணி நேரத்தில் இது 72 லிட்டர் ஆகிறது. நம் உடலில் உள்ள இரத்தம் சுமார் 5 லிட்டர். அதாவது மொத்த இரத்தமும் ஏறக்குறைய 14 முறை பொறியைச் சுற்றிவரவேண்டும். முன்கையின் மேற்புறச் சிரையிலோ நிமிடத்துக்குச் சில பத்து மி.லி. அளவே ஓடுகிறது. அதிலிருந்து வலிந்து உறிஞ்சினால் சிரையின் மெல்லிய சுவர் உட்குழிந்து ஊசியின் வாயை அடைத்துவிடும்.

தமனியில் அழுத்தம் அதிகம், ஓட்டமும் விசையுடையது. ஆனால் தமனி ஆழத்தில் உள்ளது. அதனை அடிக்கடி குத்தினால் இரத்தப்போக்கும் அடைப்பும் நேரும்.

குழாயின் அகலமும் இங்கு முக்கியம். குழாய்களில் நீர்மங்கள் ஓடும் விதியை 1840ஆம் ஆண்டை ஒட்டி வகுத்துத் தந்த பாய்சொய் என்பவர் பிரெஞ்சு நாட்டு மருத்துவரே. இரத்த ஓட்டத்தைப் புரிந்துகொள்ளும் ஆர்வமே அவரைக் கண்ணாடி நுண்குழாய்களிடம் அழைத்துச் சென்றது. அழுத்த வேறுபாடும் நீளமும் மாறாதிருக்கும்போது, ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது அவர் கண்ட விதி. ஆரம் இருமடங்கானால் ஓட்டம் 16 மடங்காகும். பாதியானால் பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கும். ஒரு சிரையின் உட்சுவரில் சிறிது தழும்பு ஏற்பட்டாலும் வாயில் ஏன் பயனற்றுப் போகிறது என்பது இதனால் விளங்கும்.

சியாட்டிலின் வளைகுழாய்

ஒருமுறை திறந்த வாயிலை மூடாமலே வைத்திருக்க முடியுமா? சுவீடன் நாட்டின் லுண்ட் நகரில் நில்ஸ் ஆல்வால் 1940களின் இறுதியில் இதனை முயன்றார். தமனியையும் சிரையையும் சிலிக்கோன் பூசிய கண்ணாடிக் குழாயால் இணைத்துப் பார்த்தார். உறைவும் தொற்றும் அம்முயற்சியைக் கெடுத்தன.

வெற்றி அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கிடைத்தது. அங்கு பெல்டிங் ஸ்கிரிப்னர் என்னும் மருத்துவரும், வெய்ன் குவின்டன் என்னும் பொறியாளரும் டெஃப்லான் குழாயைக் கையாண்டனர். 1938இல் கண்டறியப்பட்ட இந்தப் பொருளின்மீது எதுவும் எளிதில் ஒட்டுவதில்லை. முன்கைத் தமனியில் ஒரு குழாய், அருகிலுள்ள சிரையில் ஒரு குழாய்; இரண்டும் தோலுக்கு வெளியே வரும். சிகிச்சையின்போது இரண்டையும் பொறியுடன் இணைப்பர். சிகிச்சை முடிந்ததும் ஒரு வளைகுழாயால் இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்துவிடுவர். தமனியின் இரத்தம் தேங்காமல் சிரைக்கு ஓடிக்கொண்டே இருக்கும். தேங்காத இரத்தம் எளிதில் உறைவதில்லை. இதுவே அந்த அமைப்பின் இரகசியம்.

1960 மார்ச் 9ஆம் நாள் கிளைட் ஷீல்ட்ஸ் என்னும் இயந்திரத் தொழிலாளிக்கு இக்குழாய் பொருத்தப்பட்டது. சில வாரங்களில் இறந்திருக்கவேண்டிய அவர் மேலும் 11 ஆண்டுகள் வாழ்ந்தார். மீளாத சிறுநீரகச் செயலிழப்பு அன்று முதல் மரண தண்டனையாக இல்லாமற்போயிற்று. ஆனால் பொறிகளோ மிகச் சில. 1962இல் சியாட்டிலில் சிகிச்சை நிலையம் தொடங்கியபோது, யாருக்கு இடம் தருவது என்று தீர்மானிக்க ஊர்ப் பொதுமக்களிலிருந்து எழுவர் குழு ஒன்று அமைக்கப்பட்டது. வாயில் திறந்ததும், அதன்முன் வரிசை நின்றுவிட்டது!

உடலுக்குள்ளேயே ஓர் இணைப்பு

ஸ்கிரிப்னரின் குழாய்க்கும் குறைகள் இருந்தன. தோலைத் துளைத்து வெளியே நிற்பதால் தொற்று ஏற்பட்டது. உறைவும் அவ்வப்போது நேர்ந்தது. குழாய் தவறிக் கழன்றால் இரத்தம் பீறிட்டது. சில மாதங்களுக்கு ஒருமுறை இடத்தை மாற்றவேண்டியிருந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு தமனியும் ஒரு சிரையும் வீணாயின. வாயில்கள் தீரும் வேகம் குறைந்ததே தவிர, தீராமல் இல்லை.

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியிலுள்ள முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் ஜேம்ஸ் சிமினோ, மைக்கேல் பிரெஸ்சியா என்னும் இரு மருத்துவர்கள் வேறு விதமாகச் சிந்தித்தனர். வெளிப்பொருள் எதுவும் இன்றி, தோலுக்கு அடியிலேயே மணிக்கட்டுத் தமனியைச் சிரையுடன் தைத்துவிட்டால் என்ன? காயத்தால் இவ்வாறு தமனியும் சிரையும் இணைந்துவிடுவதை மருத்துவ உலகம் ஒரு நோயாகவே கருதிவந்தது. அந்த நோயை மருந்தாக்கினர் இவர்கள். கென்னத் ஆப்பெல் என்னும் அறுவை மருத்துவர் 1965இல் முதல் இணைப்பைச் செய்தார். 1966இல் முடிவுகள் வெளியாயின. இதுவே இன்று நோயாளிகள் பிஸ்டுலா என்று சொல்லும் அமைப்பு.

தமனியின் அழுத்தம் நேராகச் சிரைக்குள் பாய்வதால் சிரை விரிவடைகிறது. அதன் சுவர் தடிக்கிறது. சில வாரங்களில் நிமிடத்துக்கு 600 மி.லி.க்கு மேலும் அதில் ஓடலாம். தோலுக்கு அடியிலேயே இருப்பதால் ஊசி செருகுவதும் எளிது. அதன்மேல் விரலை வைத்தால் ஒரு துடிப்பதிர்வை உணரலாம். நன்கமைந்த பிஸ்டுலா பல ஆண்டுகள், சிலருக்குப் பத்தாண்டுகளுக்கு மேலும் உழைக்கிறது. இவ்வளவு காலம் சென்றும் இதனை விஞ்சும் வாயில் ஒன்று தோன்றவில்லை.

கழுத்தும் தோளும் தொடையும்

ஆயினும் எல்லோருக்கும் பிஸ்டுலா அமைவதில்லை. நீரிழிவாலும் முதுமையாலும் நலிந்த நாளங்களில் அது தோற்பதுண்டு. அமைந்தாலும் முதிர்வதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதுவரை நோயாளி காத்திருக்க முடியாது. நல்ல சிரை இல்லாதவர்களுக்கு 1970களிலிருந்து டெஃப்லான் இனத்தைச் சேர்ந்த நுண்துளைக் குழாயைத் தோலடியில் தமனிக்கும் சிரைக்கும் இடையே வைத்துத் தைக்கலாயினர். அதுவும் இயலாதபோது கதீட்டர் என்னும் மென்குழாயைப் பெருஞ்சிரைக்குள் செலுத்தினர்.

உடலின் வெளியிலிருந்து இதயம் வரை ஒரு குழாயைச் செலுத்தலாம் என்பதை 1929இல் ஜெர்மன் மருத்துவர் வெர்னர் ஃபோர்ஸ்மன் தம் உடலிலேயே செய்து காட்டியிருந்தார். 1953இல் சுவீடனின் செல்டிங்கர் ஓர் எளிய உத்தியைத் தந்தார். முதலில் நாளத்துக்குள் ஊசி. ஊசியினுள் மெல்லிய கம்பி. பிறகு ஊசியை உருவிவிட்டுக் கம்பியின்மேல் குழாயை ஏற்றிச் செலுத்துவது. இந்த உத்தியைக் கொண்டு 1961இல் இலண்டனில் ஸ்டான்லி ஷால்டன் தொடை நாளங்களில் கதீட்டர் வைத்து டயாலிசிஸ் செய்தார். 1969இல் செக்கோஸ்லோவேகியாவின் எர்பென் காறையெலும்புக்குக் கீழுள்ள சிரையைக் கையாண்டார். அது எளிதாகவும் வசதியாகவும் இருந்ததால் 1970களிலும் 1980களிலும் பல நாடுகளுக்குப் பரவிற்று.

வசதிக்குப் பின்னர் விலை கொடுக்கவேண்டி வந்தது. கதீட்டர் சிரைச் சுவரோடு உராய்ந்த இடங்களில் தழும்பு தோன்றிச் சிரை குறுகுவது 1980களில் தெளிவாயிற்று. காறையெலும்புச் சிரை குறுகினால், அந்தக் கை முழுவதிலிருந்தும் இரத்தம் திரும்பிவரும் பெருவழியே அடைபடுகிறது. பிறகு அந்தக் கையில் பிஸ்டுலா வைத்தாலும் பயனில்லை, கைதான் வீங்கும். அவசரத்துக்குத் திறந்த ஒரு வாயில் நிரந்தரமான வாயில்களை மூடிவிட்டது. இதன்பின் கழுத்தின் உட்புறச் சிரை, அதிலும் வலப்பக்கத்துச் சிரை, முதலிடம் பெற்றது. அதுவும் அடைபட்டால் இடக்கழுத்து, பிறகு தொடை.

இவை எல்லாம் அடைபட்டவர்களும் இருக்கிறார்கள். வயிற்றின் உட்சவ்வைப் பயன்படுத்தும் வேறு வகை டயாலிசிசுக்கு இரத்த வாயில் தேவையில்லை. ஆனால் முந்தைய அறுவைகளாலும் தொற்றுகளாலும் சிலருக்கு அதுவும் இயலாது. மாற்றுச் சிறுநீரகம் உடனே கிடைப்பதும் அரிது. இத்தகையவர் 1943இல் காம்பெனில் இறந்த பெண்ணின் நிலைக்கே மீண்டும் வந்து நிற்கிறார். பொறி பக்கத்தில் இருக்கிறது; வாயில் இல்லை.

கல்லீரல் வழியே

இந்த நிலையில் மருத்துவர்கள் உடலின் உட்புற வரைபடத்தை மீண்டும் பார்த்தனர். உடலின் கீழ்ப்பாதி இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுசெல்வது கீழ்ப்பெருஞ்சிரை. முதுகின் பக்கமாக இடுப்புக்கு மேலே துளைத்து அதனுள் நேராகக் கதீட்டரைச் செலுத்துவது ஒரு வழி. அந்தச் சிரையும் கீழ்ப்பகுதியில் அடைபட்டிருந்தால்?

கல்லீரலின் சிரைகள் கீழ்ப்பெருஞ்சிரையில் சேருவது அதன் மேல்முனையில், உதரவிதானத்தை ஒட்டிய இடத்தில். அங்கிருந்து இதயத்தின் வல மேலறை மிக அருகில் உள்ளது. கல்லீரல் வழியாக நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் இரத்தம் பாய்கிறது. அத்தனையும் இந்தச் சிறு தொலைவைக் கடந்தே இதயத்துக்குச் செல்லவேண்டும். மற்ற பெருஞ்சிரைகள் அடைபட்டவருக்கும் இந்த வழி பெரும்பாலும் திறந்தே இருப்பது இதனால்தான். ஓடும் ஆறு தன் கழிமுகத்தைத் தானே திறந்து வைத்துக்கொள்வது போல எனலாம்.

கல்லீரலுக்குள் ஊசி செலுத்துவது புதிதன்று. 1883இலேயே பால் எர்லிச் கல்லீரலிலிருந்து ஊசியால் சிறு கூறு எடுத்தார். 1937இல் ஹனோய் நகரில் இரு மருத்துவர்கள் கல்லீரலைத் துளைத்துப் பித்தக் குழாய்களை எக்ஸ் கதிர்ப் படத்தில் காட்டினர். 1970களில் ஜப்பானின் சீபா நகரிலிருந்து மிக மெல்லிய ஊசி வந்தது. இரத்தப்போக்கு அச்சம் குறைந்தது. இந்தச் சிறிய அனுபவங்கள் ஒன்றுகூடித்தான் பெரிய துணிவாயின. 1994இல் அமெரிக்க மருத்துவர் குழு ஒன்று டயாலிசிஸ் கதீட்டரைக் கல்லீரல் வழியே வைத்த செய்தியைச் சிறுநீரக மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்டது.

முறை இதுதான். வலப்பக்க விலா இடுக்கில், அல்லது மேல்வயிற்றில், தோலை மரக்கச் செய்வர். மீயொலிப் படத்தைப் பார்த்தபடி மெல்லிய ஊசியைக் கல்லீரலுக்குள் செலுத்தி அதன் சிரை ஒன்றை அடைவர். குடலிலிருந்து இரத்தம் கொண்டுவரும் சிரையும் கல்லீரலுக்குள் கிளைத்திருப்பதால், எந்தச் சிரை என்பதை எக்ஸ் கதிர்த் திரையில் ஒளிமறைப்பு மருந்தால் உறுதி செய்வர். பிறகு செல்டிங்கரின் கம்பி. அதன்மேல் பாதையைச் சிறிது சிறிதாக அகலப்படுத்தும் குழாய்கள். இறுதியில் ஏறத்தாழ 5 மி.மீ. தடிமனுள்ள இருவழிக் கதீட்டர். அதன் முனை இதயத்தின் வல மேலறையில் நிற்கும். தோலடியில் அதனைச் சுற்றியுள்ள துணிப்பட்டையில் திசு வளர்ந்து பிடித்துக்கொள்ளும்.

இந்த வாயிலின் இடர்களும் அதன் இருப்பிடத்திலிருந்தே எழுகின்றன. நாம் மூச்சு விடும் ஒவ்வொரு முறையும் உதரவிதானத்தோடு கல்லீரலும் மேலும் கீழும் அசைகிறது. தோலோ அவ்வாறு அசைவதில்லை. எனவே இரண்டுக்கும் இடையே கதீட்டர் இழுபட்டு நகர்கிறது. சில வேளை நழுவியும் விடுகிறது. நழுவினால் கல்லீரலின் துளையிலிருந்து வயிற்றுக்குள் இரத்தம் கசியலாம். உறைவும் தொற்றும் இங்கும் உண்டு. 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 12 நோயாளிகளுக்கு 36 கதீட்டர்கள் வைக்கவேண்டியிருந்தது. ஒரு கதீட்டர் சராசரியாக 24 நாள்களே நின்றது. உறைவே முதன்மையான காரணம். ஆனாலும் அதே பாதை வழியே கம்பியைச் செலுத்திப் பழையதை எடுத்துப் புதியதை வைக்க முடிந்தது. அந்த நோயாளிகளுக்கு ஒவ்வொரு 24 நாளும் மாற்றுச் சிறுநீரகத்துக்காகக் காத்திருக்கக் கிடைத்த கால அவகாசம்.

கடைசி வாயில் சொல்லும் பாடம்

ஆகவே கல்லீரல் வழியை ஒரு வெற்றிக் கொடியாகப் பார்ப்பது தவறு. அதனைச் செய்யும் மருத்துவர்களே அதனைக் கடைசி வழி என்றுதான் அழைக்கின்றனர். திறமையான கைகளும், மீயொலிக் கருவியும், எக்ஸ் கதிர்த் திரையும் கூடினாலும், மணிக்கட்டில் தைத்த ஒரு சிறு இணைப்பு பத்தாண்டு தருவதை இதனால் தரமுடியாது. கடைசி வாயிலின் பெருமையைவிட முதல் வாயிலின் அருமையையே இவ்வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

அந்த முதல் வாயிலைக் காப்பது மருத்துவர் கையில் மட்டும் இல்லை. சிறுநீரகங்கள் மெல்ல நலிந்துவருவதாகத் தெரிந்தவரின் முன்கைச் சிரைகள் அவருடைய சேமிப்பு. இரத்தச் சோதனைக்கும் மருந்து ஏற்றுவதற்கும் அவற்றைக் குத்திக் கெடுக்காமல், இயன்றவரை புறங்கைச் சிரைகளைப் பயன்படுத்தவேண்டும். எழுதும் கைக்கு மாற்றான கையைப் பெரும்பாலும் பிஸ்டுலாவுக்கென்று ஒதுக்குவர். அந்தக் கையில் ஊசி வேண்டாம் என்று நோயாளியே செவிலியரிடம் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். டயாலிசிஸ் தொடங்குவதற்குச் சில மாதம் முன்பே பிஸ்டுலா அமைத்துக்கொண்டால், அவசரக் கதீட்டரும் அதனால் வரும் தழும்பும் தவிர்க்கப்படும். பிஸ்டுலா உள்ள கையில் இரத்த அழுத்தம் பார்ப்பதும், இறுக்கிக் கட்டுவதும் கூடாது. அதன் துடிப்பதிர்வு நின்றுவிட்டதாகத் தோன்றினால் அன்றே மருத்துவரிடம் செல்லவேண்டும்.

1943இல் காம்பென் நகரில் பன்னிரண்டு முறையோடு தீர்ந்துபோன வாயில்கள், இன்று ஒரு மனிதருக்குப் பல்லாண்டுகள் போதுமானவையாக இருக்கக்கூடும். இடையில் எத்தனையோ பேர் குழாய்களையும் ஊசிகளையும் கம்பிகளையும் திருத்தியமைத்தார்கள். ஆனால் உடலில் உள்ள சிரைகளின் எண்ணிக்கையை அவர்களில் எவராலும் கூட்ட முடியவில்லை. இருப்பதைக் காத்துக்கொள்வது ஒன்றே அன்றும் இன்றும் நம்மால் இயலக்கூடியது.